ரஸ்ட் கம்பைலருக்கு ரோலப் போடுவது எப்படி?

ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் கம்பைலரில் (எழுதிய நிரலை இயந்திரம் இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளில்) ஒரே ஒரு மாற்றத்தை விண்டோஸ், லினக்ஸ் போன்ற எல்லாத் தளங்களிலும் சோதித்து முடிக்கச் சுமார் 3 மணி நேரம் பிடிக்கும். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியும். இயந்திரங்கள் 24 மணி நேரமும் ஓய்வில்லாமல் ஓடினாலும் 8 மாற்றங்கள்தான் உள்ளே போகும். ஒப்புதல் வாங்கி வரிசையில் நிற்பவையோ பல நாள்களில் அதைவிட அதிகம். வரிசை நீண்டுகொண்டே போகாமல் இருக்க, சிறிய மாற்றங்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே சோதனையில் அனுப்புகிறோம். அந்தக் கட்டுக்குத்தான் ரோலப் என்று பெயர்.

ரோலப் போடுவதற்குக் கம்பைலரின் உள்ளமைப்பு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், லாக் (சோதனை ஓடும்போது பதிவாகும் குறிப்புகள்) படிக்கும் பழக்கமும், அடுத்தவருடைய உழைப்பின் மேல் அக்கறையும் இருந்தால் போதும். இதைச் செய்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். புதிதாக அனுமதி கிடைத்தவர்களுக்காகவும், கிடைக்கும்வரை காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். ஒரு மாற்றத்தை இணைக்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கைக்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். அதைச் சுருக்கி பி.ஆர். என்று சொல்லப் போகிறேன்.

முதலில், ஏன் இந்த வரிசை?

ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் 2014இல் ஒரு விதியைப் பற்றி எழுதினார். எல்லாச் சோதனைகளிலும் எப்போதும் தேறுகிற ஒரு நிரல் களஞ்சியத்தைத் தானியங்கியாகப் பராமரிக்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. இதற்கு ராக்கெட் அறிவியல் தேவையில்லை என்ற பொருளில் அவர் வைத்த பெயராலேயே இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பல திட்டங்கள் இதைச் செய்வதில்லை. பி.ஆரைத் தனியாகச் சோதித்துப் பச்சை விளக்கு எரிந்தால் இணைத்துவிடுவார்கள்.

அதில் என்ன தவறு? ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். அது பயன்படும் எல்லா இடங்களையும் தேடித் திருத்திவிடுகிறார். அதே வாரம் இன்னொருவர் வேறொரு கோப்பில் அந்த ஃபங்ஷனைப் பழைய பெயரிலேயே புதிதாக அழைக்கிறார். இரண்டு பி.ஆர்.களும் தனித்தனியே தேறும். இருவரும் ஒரே வரியைத் தொடாததால், மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கிட் என்ற கருவியும் முரண் எதுவும் காட்டாது. இரண்டையும் இணைத்தால் கம்பைலர் கம்பைல் ஆகாது.

இதைத் தடுக்கத்தான் பார்ஸ் என்ற தானியங்கி இருக்கிறது. ஒப்புதல் பெற்ற பி.ஆர். ஒன்றை எடுத்து, முதன்மைக் கிளையின் இப்போதைய நிலையோடு ஒரு தனிக் கிளையில் இணைக்கும். அப்படி இணைத்துப் பதிந்த நிலையின் (இணைப்புக் கமிட்டின்) மேல் முழுச் சோதனையையும் ஓட்டும். எல்லாம் தேறினால், முதன்மைக் கிளையை அதே கமிட்டுக்கு நகர்த்தும். எது சோதிக்கப்பட்டதோ, எழுத்து பிசகாமல் அதுவே முதன்மைக் கிளையில் நிற்கும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்ற கட்டாயம் இதனால்தான் வருகிறது.

ரோலப் இந்த விதியை மீறுவதில்லை. 8 பி.ஆர்.களை ஒரே பி.ஆராகக் கட்டிக் கொடுக்கிறோம். பார்ஸ் அதை ஒன்றாகவே பார்க்கிறது. நேரம் மிச்சமாகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கட்டு உடைந்தால், எட்டில் எது உடைத்தது என்று லாக் தானாகச் சொல்லாது. உடையாமல் உள்ளே போய், ஒரு மாதம் கழித்து ஒரு பிழை வெளியே வந்தாலும் இதே சிக்கல்தான். பழைய பதிப்புகளில் பின்னோக்கித் தேடும் கருவி "இந்த ரோலப்பில்தான் பிழை நுழைந்தது" என்று காட்டும். அதற்குள் எந்தப் பி.ஆர். என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் பெரும்பாலான அறிவுரைகள் இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை: நாளைக்கு ஒருவர் வந்து "எது உடைத்தது?" என்று கேட்டால், பதில் கண்டுபிடிக்க முடிகிற மாதிரி கட்ட வேண்டும்.

வரிசையைப் படியுங்கள்

பார்ஸுக்கு ஒரு வரிசைப் பக்கம் உண்டு. ஒவ்வொரு பி.ஆருக்கும் எண், தலைப்பு, யார் ஒப்புதல் கொடுத்தார், முன்னுரிமை எண், ரோலப் குறி, இப்போதைய நிலை ஆகியவை அதில் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, இப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறது, எப்போது தொடங்கியது என்பது. அது முடிய இன்னும் 2 மணி நேரம் இருக்கிறது என்றால் அவசரமே இல்லை. இப்போதே கட்டினால், இடையில் ஒப்புதல் பெறும் பி.ஆர்.கள் விட்டுப்போகும். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டுவது நல்லது.

வேறொருவர் ஏற்கெனவே ரோலப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஒரே பி.ஆர். இரண்டு ரோலப்பில் இருந்தால் குழப்பம் வரும்.

ரோலப் குறிக்கு நான்கு மதிப்புகள் உண்டு. 'ஆல்வேஸ்' என்றால் தயங்காமல் சேர்க்கலாம். எழுத்துப்பிழைத் திருத்தம், ஆவணங்கள், சோதனையை மட்டும் சேர்ப்பது போன்றவை இதில் வரும். 'மேபி' என்பது யாரும் எதுவும் குறிப்பிடாதபோது இருக்கும் இயல்பு நிலை. 'இஃபி' என்றால் சந்தேகம், உடையலாம் என்று ஒப்புதல் கொடுத்தவரே நினைக்கிறார். 'நெவர்' என்றால் ரோலப்பில் சேர்க்கவே கூடாது, தனியாகத்தான் போக வேண்டும்.

இந்தக் குறிகளை மதிப்பாய்வாளர்கள்தான் போடுகிறார்கள். அவர்களும் மனிதர்கள், மறந்துவிடுவார்கள். 'மேபி' என்று நிற்பவற்றில் பல, யாரும் யோசித்துப் போட்ட குறி அல்ல. அதனால் குறியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பி.ஆரையும் திறந்து பாருங்கள். இதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது

இங்கேதான் ரோலப் போடுபவரின் கைப்பக்குவம் தெரியும். ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு பி.ஆரும் உடையும் வாய்ப்பு 100க்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பி.ஆர். சேர்த்தால் கட்டு முழுதாகத் தேறும் வாய்ப்பு 85 சதவீதம். 20 சேர்த்தால் 67 சதவீதமாக இறங்கிவிடும். இப்போது 8 பி.ஆர். கட்டுக்கே திரும்புவோம். அதில் ஒன்று மட்டும் 100க்கு 20 என்ற அளவில் உடையக்கூடியது என்றால், தேறும் வாய்ப்பு 69 சதவீதம். அதாவது, ஒரே ஒரு சந்தேகமான பி.ஆர்., 12 நல்ல பி.ஆர்.களைக் கூடுதலாகத் திணித்ததற்கு ஏறக்குறைய சமமான ஆபத்தைக் கொண்டுவருகிறது. எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, சந்தேகமானதை வெளியே நிறுத்துவதில்தான் லாபம் அதிகம். தொடக்கத்தில் 6 முதல் 8 வரை எடுங்கள். பழகிய பிறகு, ஆவணத் திருத்தங்கள் நிறைய இருக்கும் நாளில் கூட்டிக்கொள்ளலாம்.

'ஆல்வேஸ்' எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து 'மேபி'யில் நாள்பட்டுக் காத்திருப்பவற்றை எடுங்கள். 'இஃபி'யில் ஒன்று போதும். இரண்டு சந்தேகங்களை ஒரே கட்டில் வைத்தால், உடையும்போது இரண்டையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

குறி என்னவாக இருந்தாலும், சில வகை மாற்றங்களைப் பார்த்தாலே கை நிற்க வேண்டும்.

முதலாவது, வேகத்தைத் தொடக்கூடியவை. டைப் சரிபார்ப்பு, கம்பைலர் தன் கணக்கீடுகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் குவெரி அமைப்பு, மிர் (கம்பைலரின் உள் இடைநிலை வடிவம்) மேம்படுத்தல்கள், வெக் (பட்டியல்) அல்லது இட்டரேட்டர் (ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) போன்று எங்கும் பயன்படும் நூலகப் பகுதிகள். இவற்றில் 3 வரி மாறினாலும் கம்பைல் நேரம் கூடலாம், குறையலாம். ரோலப்பில் போனால் ஒருவருடைய மாற்றத்தால் கிடைத்த வேகம் இன்னொருவருடைய மாற்றத்தால் ஏற்பட்ட தாமதத்தை மறைத்துவிடும். பிறகு இரண்டுமே யாருக்கும் தெரியாமல் போகும். இப்படிப்பட்ட ஒன்று 'மேபி' என்று நின்றால், மதிப்பாய்வாளரிடம் கேட்டு 'நெவர்' ஆக்குவது நல்ல சேவை.

இரண்டாவது, கட்டுமானத்தையும் சோதனை ஏற்பாட்டையும் தொடுபவை. கம்பைலரைக் கட்டும் நிரல் இருக்கும் பூட்ஸ்ட்ராப் கோப்புறை, தானியங்கிச் சோதனைக்கான சிஐ அமைப்புக் கோப்புகள், சோதனைச் சூழலை அமைக்கும் டாக்கர் கோப்புகள். இவை உடைந்தால் எல்லாமே உடையும். மற்ற பி.ஆர்.களின் முடிவும் நமக்குத் தெரியாமல் போகும்.

மூன்றாவது, சப்மாட்யூல் (களஞ்சியத்துக்குள் இணைத்த வேறொரு களஞ்சியம்) புதுப்பிப்புகள். குறிப்பாக, இயந்திரக் குறியீட்டை உருவாக்க ரஸ்ட் நம்பியிருக்கும் எல்எல்விஎம். அதைப் புதுப்பித்தால் பலருடைய இயந்திரங்களில் எல்எல்விஎம்மை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அப்படிப்பட்டது தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி போகட்டும். சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் கார்கோ லாக் கோப்பை மாற்றும் பி.ஆர்.களும் கட்டுக்கு ஒன்று போதும். அந்தக் கோப்பில் இரண்டு பேர் கைவைத்தால் பெரும்பாலும் முரண் வரும்.

நான்காவது, குறிப்பிட்ட தளத்துக்கான மாற்றங்கள். இது புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம். பி.ஆர். திறந்தவுடன் ஓடும் சோதனை முழுச் சோதனை அல்ல. பெரும்பாலும் லினக்ஸில் சில சோதனை வேலைகள் மட்டும்தான் ஓடும். விண்டோஸ், மேக், 32 பிட் தளங்கள் எல்லாம் முதன்முறையாகச் சோதிக்கப்படுவது இணைக்கும் நேரத்தில்தான். ஆகவே, பி.ஆரில் பச்சை டிக் இருக்கிறது என்பதற்காக விண்டோஸ் கோப்புப் பாதைகளைக் கையாளும் மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். "இதை அந்தத் தளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். 'ட்ரை' கட்டளையைக் கொடுத்தால், இணைக்காமலே குறிப்பிட்ட வேலைகளை மட்டும் பார்ஸ் ஓட்டிக் காட்டும். அதில் தேறிய 'இஃபி' பி.ஆர். பிறகு நிம்மதியாகக் கட்டில் உட்காரும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய மாற்றங்கள் இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அவை எதையும் உடைக்காமல் போகலாம். ஆனால் உடைந்தால் தேட வேண்டிய பரப்பு மிகப் பெரிது.

கட்டுவது

இது சுலபமான பகுதி. வரிசைப் பக்கத்தில் பி.ஆர்.களைத் தேர்ந்தெடுத்து ரோலப் பொத்தானை அழுத்துங்கள். பார்ஸ் முதன்மைக் கிளையிலிருந்து ஒரு புதுக் கிளை எடுத்து, ஒவ்வொரு பி.ஆரையும் தனித்தனி இணைப்புக் கமிட்டாகச் சேர்க்கும். முரண் வருபவற்றை விட்டுவிட்டு, விளக்கத்தில் "இணைந்தவை", "இணையாதவை" என்று இரண்டு பட்டியல் போடும். தலைப்பில் எத்தனை பி.ஆர்.களின் ரோலப் என்ற எண்ணிக்கை இருக்கும். ரோலப் என்ற லேபிளும் அதில் இருக்க வேண்டும்.

கையாலும் கட்டலாம்: ஒவ்வொரு பி.ஆரின் கிளையையும் கிட்டில் இறக்கி, ஃபாஸ்ட் ஃபார்வர்டு இல்லாமல், அதாவது தனி இணைப்புக் கமிட் உருவாகும்படி, மெர்ஜ் செய்ய வேண்டும். ஒரு முறையாவது இப்படிச் செய்து பாருங்கள், உள்ளே நடப்பது புரியும். ஆனால் கமிட்டுகளைப் புதிதாக எழுதிவிடும் ரீபேஸ், ஸ்குவாஷ், செர்ரி பிக் மூன்றும் இங்கே கூடாது. பங்களிப்பாளரின் கமிட் அதே ஹாஷுடன் (கமிட்டின் அடையாளக் குறியுடன்) முதன்மைக் கிளையில் போய்ச் சேர்ந்தால்தான், களஞ்சியம் இருக்கும் இணையதளமான கிட்ஹப் அவருடைய பி.ஆரைத் தானாக "இணைக்கப்பட்டது" என்று ஊதா நிறத்தில் காட்டும். ஹாஷ் மாறிவிட்டால் அது திறந்தபடியே கிடக்கும், கடைசியில் யாராவது கையால் மூட வேண்டியிருக்கும். முதல் பங்களிப்பு அனுப்பியவருக்கு அந்த ஊதா நிறம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் பீட்டா கிளைக்குத் திருத்தங்களைக் கொண்டுபோகும் தொகுப்பு வேறு கதை. அங்கே செர்ரி பிக்தான் வழி. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டி முடித்ததும், விளக்கத்தில் உள்ள பட்டியலை நீங்கள் தேர்ந்தெடுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ரோலப் பி.ஆரில் பார்ஸை அழைத்து மூன்று விஷயங்களை ஒரே வரியில் சொல்லுங்கள்: 'ஆர் பிளஸ்', அதாவது ஒப்புதல், 'ரோலப் ஈக்வல் நெவர்', அதாவது இந்த ரோலப்பை இன்னொரு ரோலப்புக்குள் போடக் கூடாது, 'பி ஈக்வல்', அதன் பின் கட்டில் உள்ள பி.ஆர். எண்ணிக்கை. கடைசியில் சொன்னது முன்னுரிமை. எண் பெரிதாக இருப்பது முன்னால் போகும். 8 பேரைச் சுமக்கும் வண்டி ஒருவர் வண்டிக்கு முன்னால் போவது நியாயம்தானே.

ஒப்புதல் ஒரு குறிப்பிட்ட கமிட்டுக்குத்தான் பொருந்தும். நீங்கள் கட்டிய பிறகு ஒரு பங்களிப்பாளர் தன் கிளையில் புதிதாக எதையாவது தள்ளினால், அவருடைய ஒப்புதல் விலகிவிடும். ஆனால் உங்கள் ரோலப்பில் பழைய கமிட் அப்படியே இருக்கும். "நான் சேர்த்த கடைசித் திருத்தம் எங்கே?" என்று அவர் தேடுவார். அப்படி நடந்ததைக் கவனித்தால், கட்டைக் கலைத்து அவரை விட்டுவிட்டு மறுபடி கட்டுவதுதான் சரி.

உடைந்தால்

உடையும். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் சில உடையும், அது உங்கள் தவறு அல்ல. சோதனை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உடைந்ததும் ஒரு தானியங்கி, லாக்கின் முக்கியமான பகுதியை வெட்டி ரோலப் பி.ஆரில் ஒட்டும். அங்கிருந்து தொடங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். முழு லாக்கைத் திறந்து, முதல் பிழை எது என்று தேடுங்கள். கடைசியில் தெரியும் பிழை பல நேரங்களில் முதல் பிழையின் எதிரொலிதான்.

உடைவுகள் மூன்று வகை.

முதல் வகை, மாற்றங்களோடு தொடர்பே இல்லாத தற்செயல் உடைவு. நெட்வொர்க் அறுந்தது, வட்டில் இடம் தீர்ந்தது, இயந்திரம் பதில் சொல்லவில்லை, நேரம் கடந்தது. இதற்கு 'ரீட்ரை' கட்டளை போதும். ஆனால் அதைக் கொடுக்கும்போது என்ன பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே தற்செயல் உடைவு வாரத்தில் நாலு முறை வந்தால் அது தற்செயல் இல்லை, யாராவது சரிசெய்ய வேண்டிய பிழை. உங்கள் ஒரு வரிக் குறிப்புகளை வைத்துத்தான் அதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். புரியாத பிழைக்கெல்லாம் 'ரீட்ரை' போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். நேரக் கடப்பை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், ஏனென்றால் ஒரு பி.ஆர். கம்பைலரை முடிவில்லாமல் சுற்ற வைத்தாலும் அதே செய்திதான் வரும்.

இரண்டாவது வகை, ஒரு பி.ஆர். தானாகவே உடைந்தது. விழுந்த சோதனையின் பெயரை எடுத்துக்கொண்டு, கட்டில் உள்ள பி.ஆர்.கள் தொட்ட கோப்புகளோடு பொருத்திப் பாருங்கள். பாதி நேரம் அந்தச் சோதனையைப் புதிதாகச் சேர்த்த பி.ஆரே குற்றவாளியாக இருக்கும். எந்த வேலை விழுந்தது என்பதும் பெரிய தடயம். 32 பிட் வேலை மட்டும் விழுந்தால், தளத்துக்குத் தளம் அளவு மாறும் எண் வகையான யூசைஸின் அளவை 64 பிட் என்று நம்பி எழுதிய சோதனை இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸில் மட்டும் விழுந்தால் கோப்புப் பாதையில் உள்ள சாய்கோடு அல்லது வரி முடிவு. பழைய எல்எல்விஎம்மோடு ஓடும் வேலை மட்டும் விழுந்தால், உருவாகும் குறியீட்டைச் சரிபார்க்கும் சோதனை.

மூன்றாவது வகை, இரண்டு பி.ஆர்.கள் சந்தித்ததால் உடைந்தது. ரோலப்பில் இது அடிக்கடி வரும். மேலே சொன்ன பெயர் மாற்றம் ஓர் உதாரணம். கம்பைலரில் இன்னும் அதிகம் நடப்பது பிழைச் செய்திகளில்தான். ரஸ்ட் கம்பைலரின் யூஐ சோதனைகள், கம்பைலர் அச்சிடும் பிழைச் செய்தியை ஒரு கோப்பில் சேமித்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒருவர் ஒரு பிழைச் செய்தியின் வாசகத்தைத் தெளிவாக்குகிறார். இருக்கிற சோதனைகளின் கோப்புகளையும், புதிய வாசகத்தைத் தானாகப் பதியும் 'பிளெஸ்' கட்டளையால் புதுப்பித்துவிடுகிறார். இன்னொருவர் அதே பிழையைக் காட்டும் ஒரு புதுச் சோதனையைப் பழைய வாசகத்தோடு சேர்க்கிறார். இருவரும் சரியாகத்தான் செய்தார்கள். சேர்ந்தால் விழும். இங்கே இருவரில் யாரை வெளியே எடுப்பது? நான் பெரும்பாலும், திருத்துவதற்கு எளிதான பக்கத்தை எடுப்பேன். புதுச் சோதனையைச் சேர்த்தவர் 'பிளெஸ்' ஒன்றை ஓட்டினால் போதும். வாசகத்தை மாற்றியவரின் பி.ஆர். பெரியதாக இருந்தால், அது காத்திருக்கக் காத்திருக்க முரண்கள் கூடும். ஆகவே அது முதலில் போகட்டும்.

குற்றவாளி யார் என்று தெரிந்ததும், அந்தப் பி.ஆரில் 'ஆர் மைனஸ்' கொடுத்து ஒப்புதலை விலக்க வேண்டும். இதைத் தயவுசெய்து கவனமாகச் செய்யுங்கள். நான் ரோலப் போடத் தொடங்கிய புதிதில், லாக்கின் கடைசிப் பத்து வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தவறான பி.ஆரை வெளியே தள்ளினேன். அதை எழுதியவர் இல்லாத பிழையைத் தேடி ஒரு மாலை முழுக்கச் செலவழித்திருந்தார். அடுத்த ரோலப்பும் அதே இடத்தில் விழுந்த பிறகுதான் என் தவறு தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த மாலை அவருக்குத் திரும்பி வராது. அன்றிலிருந்து, 'ஆர் மைனஸ்' போடும் முன் விழுந்த சோதனைக்கும் அந்தப் பி.ஆருக்கும் இடையிலான தொடர்பை ஒரு வாக்கியத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொல்ல முடியாவிட்டால் இன்னும் தேடுகிறேன்.

எழுதும் குறிப்பில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: எந்த ரோலப்பில் விழுந்தது, லாக்கின் இணைப்பு, எந்தத் தளத்தில் எந்தச் சோதனை. சந்தேகம் மட்டும்தான் என்றால் "சந்தேகப்படுகிறேன், உறுதியாகத் தெரியவில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். வெறும் 'ஆர் மைனஸ்' என்று போட்டுவிட்டுப் போனால், முதல்முறை பங்களித்தவர் தன்னை நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். திருத்திய பிறகு மறுபடி ஒப்புதல் கிடைக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிறகு ரோலப்பை மூடி, அந்தப் பி.ஆர். இல்லாமல் மறுபடி கட்டுங்கள். பழைய ரோலப்பின் விளக்கத்தில், அதே பி.ஆர்.களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கும் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, ஒன்றை மட்டும் நீக்கினால் போதும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையா? மிகவும் சந்தேகப்படும் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கட்டி அனுப்புங்கள். சந்தேகப்பட்டதை 'நெவர்' ஆக்கி, முன்னுரிமையைக் கூட்டித் தனியாக ஓட விடுங்கள். தேறினால் அதன் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. விழுந்தால் விடை கிடைத்தது. விழுந்த தளம் தெரியும் என்றால் அந்த வேலையை மட்டும் 'ட்ரை'யில் ஓட்டுவது இன்னும் மலிவு. 8 பி.ஆர்.களையும் பாதிப் பாதியாகப் பிரித்து ஓட்டுவது கடைசி வழி. ஒவ்வொரு பாதிக்கும் 3 மணி நேரம் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைவு தெரிந்துவிட்டால் முடியும்வரை காத்திருக்காதீர்கள். ரோலப்பின் ஒப்புதலை விலக்கி ஓட்டத்தை நிறுத்தினால், பின்னால் நிற்பவர்களுக்கு அந்த நேரம் கிடைக்கும்.

உள்ளே போன பிறகு

தேறிவிட்டது, முதன்மைக் கிளை நகர்ந்துவிட்டது, 8 பி.ஆர்.களும் ஊதாவாகிவிட்டன. நள்ளிரவு தாண்டி உருவாகும் அடுத்த நைட்லியில் (தினசரி வெளியாகும் பதிப்பில்) அவை இருக்கும்.

வேக அளவீடு இனிமேல்தான் வரும். இணைக்கப்பட்ட ஒவ்வொரு கமிட்டையும் செயல்திறன் கருவி தனியாக அளந்து, முந்தையதோடு ஒப்பிடும். பெரும்பாலும் செயலி இயக்கிய இயந்திரக் கட்டளைகளின் எண்ணிக்கையைத்தான் பார்ப்போம், ஏனென்றால் நேரத்தைவிட அது நிலையானது. உங்கள் ரோலப்பில் வேகம் குறைந்ததாகக் குறிப்பு வந்தால், அது உங்கள் பெயரில்தான் வந்து நிற்கும். ஒதுக்கித் தள்ளாதீர்கள். ரோலப் இணைந்ததும் ஒரு தானியங்கி, கட்டில் இருந்த ஒவ்வொரு பி.ஆருக்கும் தனித்தனியாக ஒரு கட்டுமானத்தைத் தயாரித்து, அவற்றின் கமிட் ஹாஷ்களை அட்டவணையாக ஒட்டியிருக்கும். கட்டைப் பிரித்துக் காட்டும் அட்டவணை அது. சந்தேகப்படும் பி.ஆரின் ஹாஷை எடுத்து, அளவிடும் தானியங்கியிடம் கொடுத்தால் அதை மட்டும் அளந்து சொல்லும். எந்தப் பி.ஆர். என்று தெரிந்ததும் அதன் ஆசிரியருக்கும் மதிப்பாய்வாளருக்கும் தெரிவியுங்கள். வாராவாரம் செயல்திறன் முடிவுகளைப் பார்க்கும் குழு ஒன்று உண்டு. நீங்கள் முன்பே பிரித்து வைத்தால் அவர்கள் வேலை பாதியாகும்.

அனுமதி இன்னும் கிடைக்காதவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உடைந்த ரோலப் ஒன்றைத் திறந்து, மற்றவர்கள் குற்றவாளியைச் சொல்லும் முன் லாக்கை வைத்து நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். சரியாகக் கண்டுபிடித்தால் கீழே எழுதுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் சொந்தப் பி.ஆர். வரும்போது, அது ரோலப்பில் போகலாமா கூடாதா என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பாய்வாளர் சரியான குறியைப் போட அது உதவும்.

அடுத்த ரோலப்பைக் கட்டும் முன் வரிசையை மறுபடி ஒருமுறை பாருங்கள். 'நெவர்' குறியோடு ஒன்றிரண்டு பி.ஆர்.கள் நாள்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். ரோலப்களின் முன்னுரிமை எண் எப்போதும் பெரிதாக இருப்பதால் அவை தாமாக முன்னேற முடியாது. அவற்றில் மிகப் பழையதன் முன்னுரிமையைக் கூட்டிவிட்டு, அது முடியும் வரை அடுத்த ரோலப்புக்கு 'ஆர் பிளஸ்' கொடுக்காமல் காத்திருங்கள்.